கோட்டைத் திருப்பிப் பார்: குறைந்த விலையில் உயர்தர ஆண்கள் உடை

போன மாதம் கிள்ளான் கிளையில் ஞாயிறு வகுப்பு முடிந்த பிறகு ஒரு தம்பி என் கோட்டைப் பிடித்து இழுத்து, "அண்ணே, இது எவ்வளவு?" என்று கேட்டான். 35 வெள்ளி என்றேன். நம்பவில்லை. தைத்துச் சரிசெய்ய இன்னொரு 50 ஆனது என்றேன். அப்போதும் நம்பவில்லை. கழற்றி உள்பக்கத்தைக் காட்டினேன். அதற்குள் எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அன்று வாயால் சொன்னதை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அதுதான் இந்தப் பாடம்.

முதலில் நான் ஏமாந்த கதை. இரண்டாம் ஆண்டு முடிவில் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வுக்குக் கோட் போட்டு வரச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. எங்கள் வீட்டில் கோட் என்ற பொருளே இல்லை. அப்பா துறைமுகத்தில் வேலை, சீருடை போட்டுப் போகிறவர். அம்மா கூட்டுப் பணம் எடுத்திருந்தார். அதிலிருந்து 300 வெள்ளியை எண்ணிக் கொடுத்தார். ஒரு பேரங்காடியில் "70 விழுக்காடு வரை தள்ளுபடி" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்த கடைக்குள் போனேன். அட்டையில் 899 என்று அடித்து, கீழே 289 என்று எழுதியிருந்தது. ஐரோப்பியப் பெயர். கண்ணாடியில் பார்த்தால் நான் எனக்கே மேலாளர் மாதிரி தெரிந்தேன். வாங்கிட்டேன்.

ஒருமுறை போட்டேன். வியர்வை வாடை வந்தது என்று டோபி கடையில் உலர்சலவைக்குக் கொடுத்தேன், உள்ளே இருந்த சீட்டும் அதைத்தான் சொன்னது. திரும்பி வந்தபோது நெஞ்சுப் பகுதி முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக எழும்பி இருந்தது, சுவரில் தண்ணீர் இறங்கினால் சாயம் எழும்புமே, அந்த மாதிரி. கடைக்குக் கொண்டுபோனேன். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற பலகையை விரலால் காட்டினார்கள். அடுத்த நேர்முகத்துக்கு அந்தக் கொப்புளத்தோடுதான் போனேன், கோப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு. அம்மாவிடம் சொல்லவே இல்லை. இந்த இதழ் வீட்டுக்கு வரும்போதுதான் அவருக்குத் தெரியும்.

அது ஏன் கொப்புளித்தது என்று தேடப் போனதில்தான் மற்றதெல்லாம் தெரிய வந்தது. பொறியியல் படிக்கிறவனுக்கு ஒரு பொருள் உடைந்தால் ஏன் உடைந்தது என்று தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

கோட்டின் முன்பக்கம் ஒற்றைத் துணி இல்லை. வெளியே நாம் பார்க்கும் துணி, உள்ளே லைனிங், இரண்டுக்கும் நடுவே ஓர் இடைத்துணி. அந்த இடைத்துணிதான் கோட்டுக்கு முதுகெலும்பு. நெஞ்சு தூக்கி நிற்பதும் மடிப்புக் கழுத்து அழகாகச் சுருண்டு விழுவதும் அதனால்தான். பழைய முறையில் இடைத்துணி என்பது கம்பளி நூலும் குதிரை முடியும் கலந்து நெய்த கேன்வாஸ். அதை ஆயிரக்கணக்கான சிறு தையலால் வெளித்துணியோடு தளர்வாகப் பிணைப்பார்கள். அது தனியாக மிதக்கும். போடப் போட உடம்புக்குத் தக்கபடி வளையும். மலிவான முறையில் இடைத்துணியின் மேல் பிசின் புள்ளிகள் இருக்கும். சூடான அழுத்தியில் வைத்து அமுக்கினால் சில விநாடியில் ஒட்டிக்கொள்ளும். தையல்காரர் மணிக்கணக்கில் செய்வதை இயந்திரம் ஒரு மூச்சில் செய்துவிடும். ஆனால் பசை பசைதான். நீராவி, சலவைத் திரவம், வெயிலில் நிறுத்திய காரின் உட்சூடு எல்லாம் சேர்ந்து சில இடங்களில் பசையை விடுவிக்கும். விட்ட இடம் காற்றுப் பிடித்து எழும்பும். அதுதான் என் கொப்புளம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: இப்போது ஒட்டுவேலையிலும் நல்ல தரம் இருக்கிறது. ஒட்டிய கோட் எல்லாமே குப்பை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 899 வெள்ளி பெறுமானம் என்று சொல்லிக்கொண்டு வரும் கோட் முழுக்க ஒட்டியதாக இருந்தால் அந்த 899 என்பது கதை.

கண்டுபிடிக்கும் வழி சுலபம். பித்தான் போடும் ஓட்டைக்குப் பக்கத்தில், மேல்பித்தானுக்குக் கொஞ்சம் மேலே, வெளித்துணியை ஒரு கையால் கிள்ளுங்கள். அதே இடத்தில் உள்பக்கத்துத் துணியை மறுகையால் கிள்ளுங்கள். இரண்டையும் மெதுவாகப் பிரித்து விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு துணி தனியாக நழுவினால் அது கேன்வாஸ். வெளித்துணி தடித்து, அட்டை மாதிரி ஒரே பாளமாக இருந்தால் ஒட்டியது. நெஞ்சில் மிதந்து, கீழ்ப்பையருகே பாளமாக இருந்தால் அரைக் கேன்வாஸ். நம்மைப் போன்றவர்களுக்கு அரைக் கேன்வாஸே போதும், அதிலேயே நல்ல விலைக்குக் கிடைப்பது அதிகம். பத்துக் கோட்டைக் கிள்ளிவிட்டால் பதினொன்றாவது கோட்டில் விரல் தானாகச் சொல்லும். கடைக்காரர் முறைத்தால் சிரித்துவிட்டுத் தொடருங்கள்.

அடுத்து துணி. சீட்டில் "சூப்பர் 100", "சூப்பர் 150" என்று போட்டிருப்பார்கள். பெரிய எண் என்றால் பெரிய தரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த எண் கம்பளி இழையின் மென்மையை மட்டும்தான் சொல்கிறது. சர்வதேசக் கம்பளி ஜவுளி அமைப்பின் விதிப்படி சூப்பர் 100 என்று எழுத வேண்டுமானால் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது. எண் பத்து கூடும்போது அரை மைக்ரான் குறையும். அப்படியானால் சூப்பர் 150 என்பது 16.25. நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு மெல்லியது என்று புரியும். மெல்லிய இழை பட்டு மாதிரி வழுவழுப்பாக இருக்கும், ஆனால் சீக்கிரம் கசங்கும், முழங்கையிலும் தொடை இடுக்கிலும் சீக்கிரம் தேயும். மோட்டாரில் போய் எல்ஆர்டி பிடித்து அலைகிறவனுக்குச் சூப்பர் 100, 110 போதும். அதைவிட முக்கியம் நெசவு. துணியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் ஊசித் துளைகளாகத் தெரிய வேண்டும். மீட்டருக்கு 250 கிராம் சுற்றளவில் உள்ள திறந்த நெசவுக் கம்பளிதான் நம் ஊர் வெக்கைக்குத் தாங்கும். முதுகில் பாதிக்கு மட்டும் லைனிங் போட்ட கோட் என்றால் இன்னும் நல்லது. கம்பளியா, இந்த வெயிலிலா என்று கேட்பீர்கள். பாலியெஸ்டர் கோட்டைப் போட்டுப் பாருங்கள், வியர்வை வெளியேற வழியில்லாமல் பிளாஸ்டிக் பைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

இனி எங்கே வாங்குவது. இதில் பண்டல் கடையைப் பற்றித்தான் நிறையச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் அவுட்லெட் பற்றி இரண்டு வார்த்தை.

நம் பக்கத்தில் பெரியவை மூன்று: 2011 டிசம்பரில் திறந்த ஜொகூர் பிரீமியம் அவுட்லெட்ஸ், 2015இல் சிப்பாங்கில் விமான நிலையத்துக்கு அருகே வந்த மிட்சுயி அவுட்லெட் பார்க், 2017இல் வந்த கெந்திங் பிரீமியம் அவுட்லெட்ஸ். பருவம் முடிந்த சரக்கு, அளவு உடைந்த சரக்கு எல்லாம் அங்கே வரும். அதோடு, அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தைத்த சரக்கும் பல பிராண்டுகளில் உண்டு. துணி வேறு, பித்தான் வேறு, சீட்டு மட்டும் அதே பெயர். அமெரிக்காவில் 2014இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நால்வர் இதை விசாரிக்கச் சொல்லி வணிக ஆணையத்துக்குக் கடிதமே எழுதினார்கள். ஆகவே அங்கே போனாலும் கிள்ளிப் பார்க்க வேண்டும். போக்குவரத்தையும் கணக்கில் சேருங்கள். பிரிக்பீல்ட்ஸில் கேஎல் சென்ட்ரலில் விமான நிலைய விரைவு ரயில் ஏறினால் பெரியவர்களுக்கு ஒருவழிக் கட்டணமே 55 வெள்ளி. நாலு பேர் ஒரு காரில் போனால்தான் கணக்கு உதைக்காது. இன்னொரு கணக்கு: "50 விழுக்காடு, மேலும் 20 விழுக்காடு" என்றால் 70 இல்லை. நூறு ஐம்பதாகும், ஐம்பதில் இருபது விழுக்காடு பத்து, மீதி நாற்பது. தள்ளுபடி 60தான். எங்கள் வகுப்பில் கணிதத்தில் ஏ வாங்கியவனே இதில் வழுக்கினான்.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் லிட்டில் இந்தியா பற்றியும் சொல்லாவிட்டால் நம்ம பசங்க கோபித்துக்கொள்வார்கள். ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிக்கு முந்தைய வாரம் பேரம் பேசப் போனால் நசுங்கித்தான் வருவீர்கள். நான் ஷெர்வானியும் குர்தாவும் பார்ப்பது தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம். கடைக்காரருக்கும் நேரம் இருக்கும், நமக்கும் தொட்டுப் பார்க்க இடம் இருக்கும். பட்டு வேட்டி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். "ஆர்ட் சில்க்" என்று எழுதியிருந்தால் அது கலைநயமிக்க பட்டு என்று அர்த்தம் இல்லை. செயற்கைப் பட்டு என்பதன் சுருக்கம் அது, ரேயானோ பாலியெஸ்டரோ. என் மாமா தன் கல்யாணத்துக்கே அதைத்தான் சேலம் வெண்பட்டு என்று நம்பிக் கட்டியிருந்தார், இன்னும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. இந்தியாவில் 2004 முதல் சுத்தப் பட்டுக்கு 'சில்க் மார்க்' சீட்டு இருக்கிறது, அதைத் தேடுங்கள். சீட்டு இல்லாவிட்டால் ஓரத்தில் தொங்கும் ஒரு நூலை வாங்கி வீட்டில் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். கடைக்குள்ளேயே லைட்டர் எடுத்துவிடாதீர்கள்.

சரி, பண்டல்.

வெளிநாட்டில் மக்கள் கழித்த உடை பேல் பேலாகக் கட்டிக் கப்பலில் வருகிறது. ஜப்பான் ஏற்றுமதி செய்யும் பழைய துணிக்கு மலேசியா மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. இங்கே பிரித்து, தரம் பார்த்து, கொஞ்சம் இங்கே விற்று, மிச்சத்தை வேறு நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். சுபாங் ஜெயா யூஎஸ்ஜே 25இல் 2016இல் திறந்த ஜாலான் ஜாலான் ஜப்பான் கடையை நடத்துவது ஜப்பானில் பழைய புத்தகம் விற்றுப் பெயர்பெற்ற புக்ஆஃப் நிறுவனம். இதைத் தவிர கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் பெயர்ப்பலகைகூடச் சரியாக இல்லாத பண்டல் கடைகள் உண்டு. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வாரயிறுதிப் பழம்பொருள் சந்தையிலும் சில சமயம் நல்ல கோட் தட்டுப்படும்.

ஜப்பான் சரக்கு நமக்கு ஏன் பொருந்துகிறது என்றால் அவர்கள் கோடையும் நம் ஊர் மாதிரி புழுக்கம்தான். அரசாங்கமே 2005 முதல் கோடையில் கோட்டையும் கழுத்துப் பட்டையையும் கழற்றச் சொல்லி 'கூல் பிஸ்' என்று இயக்கம் நடத்துகிறது. அதனால் முதுகில் பாதி லைனிங், திறந்த நெசவு என்று கோடைக்கென்றே தைத்த கோட் அங்கே சாதாரணம். உடம்பு வாகும் நமக்கு நெருக்கம்.

அளவைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஜப்பான் கோட்டுக்குள் A5, AB6, Y4 என்று இருக்கும். எண் உயரம்: 4 என்றால் 165 சென்டிமீட்டர், 5 என்றால் 170, 6 என்றால் 175, 7 என்றால் 180. எழுத்து உடல்வாகு, அதாவது நெஞ்சுச் சுற்றளவுக்கும் இடுப்புச் சுற்றளவுக்கும் உள்ள வித்தியாசம். Y என்றால் 16 சென்டிமீட்டர், ஒல்லி ஆள். A என்றால் 12. AB என்றால் 10. BB என்றால் 6, பரோட்டா கொஞ்சம் அதிகம். சட்டையில் 39-82 என்று இருந்தால் கழுத்து 39, முதுகின் நடுவில் இருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை 82 சென்டிமீட்டர். இத்தாலிய கோட்டில் 48 என்றால் பத்தைக் கழியுங்கள், ஆங்கிலேய அளவில் 38 அங்குலம். இவ்வளவும் தெரிந்தாலும் அளவுநாடா இல்லாமல் போகாதீர்கள். பழைய துணி சுருங்கியிருக்கும், யாரோ பிரித்துத் தைத்திருப்பார்கள். உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையின் தோள், நெஞ்சு, கை நீளத்தை அளந்து கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாலான் துன் சம்பந்தனுக்குப் பின்சந்தில், மாடியில், ஒரு தையல்கார அங்கிள் இருக்கிறார். நான் முதலில் வாங்கிய பண்டல் கோட்டை அவரிடம் கொண்டுபோனபோது துணியைத் தொடவே இல்லை. போட்டுக் காட்டச் சொன்னார். தோளை மட்டும் பார்த்தார்.

"தம்பி, இதைத் திருப்பிக் கொடுத்திடு."

"ஏன் அங்கிள், இத்தாலிக் கோட்டு."

"இத்தாலியா இருந்தா எனக்கென்ன? தோள் ஒரு இஞ்சு இறங்கி நிக்குது. தோளைப் பிரிச்சா கையைப் பிரிக்கணும், கழுத்தைப் பிரிக்கணும். நான் கேக்குற கூலிக்கு நீ புதுசே வாங்கலாம்."

அன்று அவரிடம் கற்றதுதான் என் சட்டம். தோள் சரியாக இருக்க வேண்டும், கோட்டின் நீளம் சரியாக இருக்க வேண்டும். இரண்டையும் மாற்ற முடியாது, மாற்றினாலும் கட்டுப்படியாகாது. இடுப்பைப் பிடிக்கலாம். கை நீளத்தைக் குறைக்கலாம், உள்ளே மடித்த துணி இருந்தால் கூட்டவும் செய்யலாம். ஆனால் கைமணிக்கட்டுப் பித்தான்கள் உண்மையிலேயே திறந்து மூடுகிற வகை என்றால் யோசியுங்கள், அங்கே ஓட்டை வெட்டியிருப்பதால் கீழிருந்து குறைக்க முடியாது. சிலுவாரின் பின்நடுத் தையலைத் திருப்பிப் பார்த்து, உள்ளே ஓர் அங்குலத்துக்கு மேல் துணி விட்டிருந்தால் இடுப்பைத் தளர்த்தலாம். நல்ல தையலில் இந்த மிச்சத் துணி எப்போதும் இருக்கும். மலிவுத் தையலில் அந்தத் துணியைத்தான் முதலில் மிச்சம்பிடிப்பார்கள்.

சட்டைக்கு நான் பார்ப்பது பக்கவாட்டுத் தையல். வெளியே ஒரே வரிசைத் தையல் தெரிந்தால் பொறுமையாகத் தைத்தது. கட்டம் போட்ட சட்டையில் பையின் கட்டம் நெஞ்சின் கட்டத்தோடு சேர்கிறதா பாருங்கள். பித்தானைப் பல்லில் மெல்லத் தட்டுங்கள். சிப்பிப் பித்தான் சில்லென்று கண்ணாடி மாதிரி ஒலிக்கும், பிளாஸ்டிக் மொத்தென்று இருக்கும். பண்டல் கடையில் மட்டும் இதைக் கழுவிய பிறகு செய்யுங்கள்.

சப்பாத்தில் எச்சரிக்கை வேண்டும். பெட்டியே பிரிக்காத பழைய சப்பாத்து மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். அடிப்பாகம் பாலியூரித்தேனாக இருந்தால் காற்றில் உள்ள ஈரம் சும்மா இருக்கும்போதே அதன் மூலக்கூறுப் பிணைப்பை அறுத்துக்கொண்டே இருக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் சில வருடம் போதும். போட்டு நடந்த முதல் நாளே கேக் மாதிரி உதிரும். என் நண்பனுக்குப் பட்டமளிப்பு விழா மேடைக்குப் போகும் வழியிலேயே அது நடந்தது. தோலடி அல்லது ரப்பரடி வைத்து, விளிம்பைச் சுற்றித் தைத்த 'குட்இயர் வெல்ட்' சப்பாத்து பழையதாக இருந்தாலும் வாங்கலாம், அடிப்பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பசுத்தோல் வேண்டாம் என்கிறவர்கள் கேன்வாஸ், செயற்கைத் தோல் பக்கம் போகலாம், ஆனால் வெல்ட் தையல் அதில் அரிது. எதை வாங்கினாலும் கோயிலுக்கு மட்டும் போட்டுப் போகாதீர்கள். வாசலில் விட்டுவிட்டு உள்ளே நின்றால் மனம் சாமியிடமா இருக்கும்?

இப்போது வீட்டுப் பிரச்சினைக்கு வருகிறேன். இதைக் கேட்காத கிளையே இருக்காது. "அண்ணே, எங்க அம்மா பண்டல் துணியை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க." எங்கள் வீட்டிலும் அதேதான். அம்மா முகம் சுளித்தார். பாட்டி நேரடியாகச் சொன்னார்: "எவன் போட்டதோ, செத்தவன் துணியோ என்னவோ. அடுத்தவன் உடுத்தினதை உடுத்துற அளவுக்கா நாம கெட்டுப் போயிட்டோம்?" எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. உண்மையில் எனக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது. நான் தரத்தைப் பார்த்து வாங்குகிறேனா, வசதியில்லாததை மறைக்க வாங்குகிறேனா?

பதில் சொல்லாமல் கோட்டை உப்பு போட்ட மாதிரி ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிட்டு, உலர்சலவைக்குக் கொடுத்து, அங்கிளிடம் கையைக் குறைத்து வாங்கி வந்தேன். போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றேன். பாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "தாத்தா படத்தை எடு" என்றார்.

கூடத்துச் சுவரில் இருக்கும் கல்யாணப் படம். தாத்தா கோட் போட்டுத்தான் நிற்பார். சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை. பால்மரம் சீவுகிறவருக்குக் கோட் ஏது? அது தோட்டத்துப் பெரிய கிராணியாருடையதாம். படம் எடுக்க மட்டும் ஒரு மணி நேரத்துக்கு இரவல். கை நீளமாக இருந்ததால் உள்ளே மடித்துக் குண்டூசி குத்தி விட்டிருந்தார்களாம். "கையை அசைச்சா குத்தும்னு அசையாம நிக்கிறாரு பாரு" என்று பாட்டி சிரித்தார். படத்தைக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். தோள் ஓர் அங்குலம் இறங்கித்தான் நிற்கிறது.

அதற்குப் பிறகு பாட்டி எதுவும் சொல்லவில்லை. அம்மா மட்டும் இன்னும் என் கோட்டைத் தனியாகத்தான் துவைக்கும் கூடையில் போடுகிறார். அதையும் மதிக்க வேண்டியதுதான்.

வீட்டார் ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் மூன்றாவது வழி இருக்கிறது: துணி வாங்கித் தைப்பது. ஜாலான் துவாங்கு அப்துல் ரகுமானிலும் மஸ்ஜித் இந்தியா பக்கத்திலும் சுருள் முடியும்போது மிச்சம் நிற்கும் துண்டுத் துணியைக் குறைத்துக் கொடுப்பார்கள். ஒரு சிலுவாருக்கு அது போதும். நான் இரண்டு தைத்திருக்கிறேன், கடையில் வாங்கியதைவிட நன்றாக உட்காருகிறது. கோட் தைக்கும் கூலி மட்டும் இன்னும் எனக்கு எட்டவில்லை.

போலிச் சரக்கைப் பற்றிக் கேட்டார்கள். பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் "ஏஏஏ தரம்" என்று சொல்லி விற்பது போலிதான், அதில் தரம் என்ன தரம்? 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டப்படி போலி முத்திரைப் பொருள் விற்பது குற்றம். தள்ளுபடிப் பொருளும் போலிப் பொருளும் வேறு வேறு. ஒன்றில் விலை குறைகிறது, மற்றதில் நாம் குறைகிறோம். இணையத்தில் வெளிநாட்டில் இருந்து வாங்குகிறவர்கள், 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு வரி உண்டு என்பதைக் கணக்கில் வையுங்கள். தவணைக் கட்டணத்தில் உடை வாங்குவதை நான் செய்வதில்லை. மூன்று தவணை முடியும் முன்பே நாலாவது சட்டை வாங்கியவர்களை விடுதியில் பார்த்திருக்கிறேன், மாதக் கடைசியில் மெகி சாப்பிட்டுக்கொண்டு.

கடைசியாக அந்தப் பலகை. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. அன்று நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன் என்றேனே, வந்திருக்கவே கூடாது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், பலகை மாட்டி அந்தக் கடமையைக் கழற்றிவிட முடியாது. தள்ளுபடியில் வாங்கினாலும் இதே சட்டம்தான். ஒரு விதிவிலக்கு: இன்ன இடத்தில் கிழிசல், இன்ன இடத்தில் கறை என்று வாங்குமுன்பே காட்டி விற்றிருந்தால் அந்தக் குறைக்காகப் பிறகு போய்ச் சண்டை போட முடியாது. பேசியும் தீராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதை மட்டும் தொலைக்காதீர்கள். கடையில் கொடுக்கும் ரசீதின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். தனியாள் ஒருவர் தன் பழைய கோட்டை உங்களுக்கு விற்றால் இந்தச் சட்டம் துணைக்கு வராது, அங்கே உங்கள் விரல்தான் நடுவர் மன்றம்.

என் ரசீது மங்கிப் போயிருந்தது.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு எல்லாரும் வீட்டில் இருந்து ஒரு கோட் அல்லது சட்டை கொண்டு வாருங்கள், அப்பாவுடையது, மாமாவுடையது, எதுவானாலும் சரி. உள்பக்கத்தைத் திருப்பி வைத்துப் பார்ப்போம். அளவுநாடா நான் கொண்டு வருகிறேன். கொப்புளம் எழும்பிய கோட்டையும் கொண்டு வருகிறேன், பசை எப்படி விடுகிறது என்று பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. கத்தரிக்கோல் யாராவது கொண்டு வந்தால் நல்லது, எங்கள் வீட்டில் இருப்பது அம்மாவுடையது.